படத்தில் இல்லாத ஆள்

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், மாமியைப் பிடிக்காதவர்கள் இல்லை. மாமிக்குப் பயப்படாதவர்களும் இல்லை. எனக்குச் சொந்த மாமி அல்ல. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தவர். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது, பிடிக்காத எதையும் மாமி மறந்ததும் கிடையாது.

எப்படி மறக்க மாட்டார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கல்முனையில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவரின் மனைவி, ஏதோ ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், "அவ துணியில மிச்சம் புடிக்கிறா" என்று மாமியைப் பற்றிச் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அது மாமியின் காதுக்கு வந்துவிட்டது. மாமி சண்டைக்குப் போகவில்லை. "கிடக்கட்டும்" என்றார். அந்தப் பெண்மணியும் தைக்கக் கொடுப்பதை நிறுத்தவில்லை, கழுத்து வெட்டில் மாமியை மிஞ்ச ஊரில் ஆளில்லையே. இப்படியே ஏழு வருடம் போனது. ஏழாம் வருடம் அந்த வீட்டு மகளுக்குக் கல்யாணம். மாமி ஒரு பெரிய பொதியோடு போய், பெண்கள் கூடியிருந்த அறையில் அதை விரித்தார். ஏழு வருடமாக அந்த வீட்டுத் துணிகளில் விழுந்த வெட்டுத் துண்டுகள் அத்தனையையும் ஒட்டித் தைத்த போர்வை. "எல்லாம் உங்கட துணிதான் தங்கச்சி. ஒரு நூலும் நான் எடுக்கல்ல" என்று சிரித்தார். கல்யாணப் பெண்ணின் தாயும் சிரித்தார், ஆனால் முகத்தில் இரத்தம் இல்லை. எனக்கு வாய் நிறைய மஸ்கட் இனிப்பு. சிரிப்பதா எழுந்து ஓடுவதா என்று தெரியவில்லை.

இதே மாமிதான், கடற்கரைப் பக்கத்துப் பெண்ணொருத்தியின் ஆடு உள்ளே நுழைந்து கல்யாண கவுனின் லேஸை மென்றுவிட்டபோது ஒரு வார்த்தை பேசாமல் விட்டவர். அந்தப் பெண் ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்து, "மாமி, என்ட ஆடுதான் திண்டிச்சு, கயித்த நான்தான் இறுக்கிக் கட்டல்ல, பொறுத்துக்கங்க" என்று வாசலில் நின்று அழுதாள். மாமி அவளை உள்ளே கூப்பிட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு நாள் சாப்பாடு தூக்கம் பார்க்காமல் லேஸை மாற்றித் தைத்தார். எனக்குக் கோபம் வந்தது. "அந்தப் பெரிய மனுசிய ஏழு வருசம் விடல்ல, இவள ஏன் சும்மா விட்டீங்க?" என்று கேட்டேன்.

"இவள் வந்து கேட்டாளே" என்றார் மாமி. அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

மெஷின் ஜன்னலோரம் இருந்தது. ஜன்னல் எங்கள் வாசலைப் பார்த்து இருந்தது. எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், வாப்பா எத்தனை மணிக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறார், எனக்குக் கட்டாரிலிருந்து கணவரின் பார்சல் எப்போது வருகிறது, எல்லாம் மாமிக்குத் தெரியும். அது எனக்கு ஒரு பாதுகாப்பாகத்தான் இருந்தது. உம்மா இல்லாத வீட்டுக்கு எதிரில் ஒரு மாமி இருந்தது, நான் கேட்காமல் கிடைத்த பாக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியின் கணவர் சவளக்கடைப் பக்கம் நிலச் சொந்தக்காரரான ஒரு போடியாரின் வயலுக்கு முல்லைக்காரராக இருந்தார். விதைப்பிலிருந்து அறுவடை வரை வயலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த வருடம், ஒரு நாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போனவரை, காலை எட்டு மணிக்கு உழவு மெஷின் பெட்டியில் கிடத்திக் கொண்டு வந்தார்கள். போடியாரும் கூடவே வந்தார். "வரம்பில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உழுந்துட்டாரு" என்றார்.

மாமி பாதத்துச் சேற்றைத் துடைக்கும்போது பார்த்தார். வலது கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு, விரல் அகலத்துக்கு, தோல் வெந்து போயிருந்தது. காட்டுப் பன்றிக்கும் யானைக்கும் மின்சார மெயின் லைனில் கொழுவி வயலைச் சுற்றிக் கம்பி போடுகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். மாமிக்குக் கோட்டைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. எல்லோர் முன்னாலும் சொன்னார். "இது நெஞ்சு வருத்தம் இல்ல. கம்பி."

அப்போது அவரைச் சமாதானப்படுத்தியவர் என் வாப்பா. வாப்பா பள்ளியில் எங்கள் குடிக்கு, எங்கள் வம்சத்துக்கு, மரைக்கார். கல்யாணமோ மௌத்தோ சண்டையோ, குடியில் எது நடந்தாலும் முன்னுக்கு நிற்கிறவர். "தங்கச்சி, பொலிஸ் எண்டா ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி எண்டா மையித்த அறுப்பாங்க. ரெண்டு நாள் செல்லும். மௌத்தானவர நோகப்படுத்தலாமா?" என்று கேட்டார். கூட்டத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். எங்கள் ஊரில் மையித்தை அறுப்பது என்ற சொல்லுக்கு முன்னால் எந்த நியாயமும் நிற்காது. மாமியும் கடைசியில் "சரி" என்றார். அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கிவிட்டார்கள். போடியாரின் ஆட்கள் போய்ப் பார்த்தபோது வயலைச் சுற்றி ஒரு கம்பியும் இருக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போகத்துக்கும் போடியார் இரண்டு மூட்டை அரிசி அனுப்புவார். மாமி வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதில்லை. வாங்கி வைத்து, ஒழுங்கையில் இருக்கும் கோழிகளுக்கெல்லாம் காலையும் மாலையும் அள்ளி வீசுவார். "அவர்ட அரிசி எனக்கு இறங்காது. கோழிக்கு இறங்கும்." எங்கள் ஒழுங்கைக் கோழிகள் அந்த வருடங்களில் நடக்க முடியாமல் கொழுத்துப் போயிருந்தன. அறுவடை முடிந்ததும் மூட்டை வரும், மறுநாள் கோழிகள் கூடும், போடியாருக்கும் செய்தி போகும். ஆனாலும் அவர் அனுப்புவதை நிறுத்தவில்லை. யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய மின்வெட்டுக் காலம் வந்தது. நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லை. ஊரே வியர்த்து வழிந்தபோது மாமி மட்டும், "கரண்ட் இல்லாத நேரந்தான் எனக்கு நிம்மதி" என்று மிதி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்களெல்லாம் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், அளவு கொடுக்கப் போயிருந்தேன். கேபிளில் ஏதோ ஒரு படம், தமிழில் குரல் கொடுத்த வேற்று நாட்டுப் படம். மாமி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெஷினை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை, அதனால் நானும் உட்கார்ந்தேன். குளிர் தேசம். ஒரு பணக்காரன் காரால் ஒருத்தியின் கணவனை அடித்துக் கொன்றுவிட்டு ஓடிவிடுகிறான். சாட்சியில்லை. அவள் பெயரை மாற்றிக்கொண்டு அவனுடைய வீட்டிலேயே சமையல்காரியாகச் சேர்கிறாள். ஒரு வருடம் சமைத்துப் போடுகிறாள். அவன் நோயில் விழுகிறான், அவள் கையால் சமைத்தால்தான் சாப்பாடு இறங்கும் என்ற நிலைமைக்கு வருகிறான். கடைசியில் சூப்பில் எதையோ கலக்கிறாள். கோப்பையை ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். அறைக் கதவைத் தள்ளுகிறாள். கரண்ட் போய்விட்டது.

மாமி கறுத்துப் போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுகளுக்கு இப்பதானா நிப்பாட்டக் கிடைச்ச?" என்றார். பிறகு, "மகள், அவன் குடிச்சிருப்பானா?"

அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் இதே கேள்வி. கேபிள்காரரிடம் கேட்டேன், அப்படி ஒரு படம் போட்டதே அவருக்கு ஞாபகமில்லை. ஊரில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்ற திமிரில் நானே போனில் தேடினேன். கதையைத் தட்டித் தட்டித் தேடி ஒரு வாரத்தில் பிடித்துவிட்டேன். வந்த ஊரிலேயே ஓடாத படம். முழுப் படம் எங்கும் கிடைக்கவில்லை. படத்தைத் திட்டி எழுதியிருந்த ஒருவர் முடிவையும் போட்டு உடைத்திருந்தார்: அவன் குடிக்கிறான், சாகிறான், அவள் சிரிக்கிறாள். நாவலிலிருந்து எடுத்த படம் என்றும், நாவலில் இருக்கும் ஒரு முக்கியமான ஆளையே விட்டுவிட்டார்கள் என்றும் குறைப்பட்டிருந்தார். நாவல் போனில் கிடைத்தது.

குடித்துச் செத்தான் என்று மாமியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருந்தது. மாமியின் அடுக்களை மூலையில், மேல் தட்டில், வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் ஒன்று இருந்தது. அவருடைய கணவர் விட்டுப் போனது. பாதி இருந்தது. லேபல் வெளிறி எழுத்து அழிந்துவிட்டது. "அவர்ட சாமான் ஒண்டும் நான் எறியல்ல" என்பார். அந்தப் படத்துக்குப் பிறகு, அங்கே போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தத் தட்டுக்குத்தான் போகும்.

அதனால் நாவலைப் படித்துச் சொல்கிறேன் என்றேன். அஸருக்குப் பிறகு, கரண்ட் இல்லாத நேரம், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். மாமி தைத்துக்கொண்டே கேட்பார். கேள்வி கேட்டால் கூர்மையாகக் கேட்பார்.

"அவன்ட காரில ரத்தம் கிடந்திருக்குமே. அது என்னாச்சு?"

"பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன் கழுவிக் குடுத்தான் மாமி. படத்தில அவன் இல்ல. புத்தகத்தில மட்டுந்தான். விடியக்காலம் கூப்பிட்டதும் வாளியோட வந்திருக்கான். பெரிய ஆளில்ல, இடைக்கிட வருவான்."

மாமி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துப் பஞ்சு உருண்டையில் ஒவ்வொன்றாகக் குத்தினார். "தனியக் கழுவ ஏலாதுதானே. அப்பிடி ஒருத்தன் இருக்கத்தான் வேணும்."

நாவலின் முடிவு எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் சூப்புக் கோப்பையோடு உள்ளே போகிறாள். அவன் எழும்ப முடியாமல் கிடக்கிறான். அவள் சூப்பை ஜன்னலுக்கு வெளியே பனியில் ஊற்றிவிட்டு, தான் யாரென்று சொல்கிறாள். அவன் அழுகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அதோடு முடித்திருக்கலாம். எழுத்தாளருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. அதன் பிறகும் ஓர் அத்தியாயம், கார் கழுவியவனைப் பற்றி. அவன் தினமும் காலையில் அவளுக்குச் சலாம் சொல்லாத குறையாக வணக்கம் சொல்கிறான். அவளும் சொல்கிறாள். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. பனி பெய்கிறது. புத்தகம் முடிந்துவிட்டது.

"விசர்க் கதை" என்றேன் நான்.

மாமி மெஷினை நிறுத்தினார். "பிறகு அவன் கேட்டானா?"

"ஆரு?"

"காரக் கழுவினவன்."

"இல்ல மாமி. முடிஞ்சுதே."

"ம்" என்றார். நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, "படத்தில எப்பிடி முடிஞ்சிருக்கும்?"

"இதே மாதிரித்தான்."

"பொய். படமெண்டா குடிச்சிருப்பான்" என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். மேல் தட்டில் போத்தல் இருந்தது.

அடுத்த வருடம் போடியார் ஹஜ்ஜுக்குப் போகப் புறப்பட்டார். எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்பட முன்னர் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்பார்கள், பொருந்தினோம் என்று வீட்டார் சொல்வார்கள், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். படைத்தவனுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு. இது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே போடியார் எதிர் வீட்டுக்கு வராமல் விமானம் ஏற முடியாது. ஒழுங்கையே அதைப் பேசிக்கொண்டது. நாளும் சொல்லி அனுப்பிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்று மாமி என்னைக் கூப்பிட்டிருந்தார். வட்டிலப்பம் அவித்திருந்தார். வீடு முழுக்க ஏலக்காய் மணம். நான் வழக்கம்போல மேல் தட்டைப் பார்த்தேன்.

போத்தல் இல்லை.

போத்தல் இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. கேட்க நினைத்தேன், அதற்குள் வெளியில் சலாம் கேட்டது. ஆண்கள் விறாந்தைக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் திரைச்சீலை. நான் இடுக்கால் பார்த்தேன். போடியார் மெலிந்து, கழுத்து நரம்பு தெரிய உட்கார்ந்திருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் தனியாக வருவதில்லை, குடியில் ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு வருவார். பக்கத்துக் கதிரையில் என் வாப்பா இருந்தார்.

மாமி இரண்டு பீங்கானில் வட்டிலப்பத்தை வெட்டி வைத்தார். "ரெண்டு பேர் வந்திரிக்காங்க. கொண்டு போய்க் குடு மகள்."

"மாமி..."

"குடு மகள். காத்துக்கிட்டு இரிக்காங்க."

தட்டை ஏந்திக்கொண்டு நடந்தேன். அடுக்களையிலிருந்து திரைச்சீலை வரை பத்து அடி இருக்கும். ஆங்கிலம் படிப்பிக்கிறவள், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள், அந்தப் பத்து அடியில் எத்தனை கணக்குப் போட்டேன்! இடறி விழுந்து தட்டைப் போட்டு உடைக்கலாம். வாப்பாவைக் கண்ணால் தடுக்கலாம். திரைக்கு இப்பால் நின்று, இரண்டு பீங்கானிலும் விரலை விட்டு ஒவ்வொரு துண்டு கிள்ளி வாயில் போட்டேன். ஏலக்காயும் கருப்பட்டியும்தான். நெஞ்சு அடித்துக்கொள்ளக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பின்னால் மாமியின் குரல் மெதுவாக வந்தது. "என்ன மகள், இனிப்புக் காணுமா, குறைவா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் போத்தல போன கிழமையே கிடங்கு வெட்டித் தாட்டுட்டன். நீ வரக்குள்ள வரக்குள்ள அண்ணாந்து பார்த்தா எனக்குத் தெரியாதா?" என்றார். கோபமில்லை. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மாமியின் பக்கத்தில் நின்றேன்.

போடியார் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, அல்லாஹ்ட வீட்டுக்குப் போகப் போறன். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் குறை செஞ்சிருந்தா..."

"நில்லுங்க காக்கா" என்றார் மாமி, அண்ணன் முறை வைத்து, திரைக்குப் பின்னாலிருந்து. "எது தெரிஞ்சு செஞ்ச? எது தெரியாம செஞ்ச?"

விறாந்தையில் கரண்டி பீங்கானில் பட்ட சத்தம் நின்றுவிட்டது.

வாப்பாதான் வாயைத் திறந்தார். "அந்தக் கதையெல்லாம் இப்ப என்னத்துக்கு தங்கச்சி? பயணம் போற மனுசன். பொருந்தின எண்டு ஒரு சொல்லுச் சொல்லிடுங்க."

"உங்களக் கேட்கல்ல மரைக்கார். அவரக் கேட்ட."

நான் திரை இடுக்கால் பார்த்தேன். போடியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மறுபடி போட்டார். அவர் எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எழும்பவில்லை.

"கம்பி போட்டது தெரிஞ்சு" என்றார். "பண்டிக்குப் போட்ட. லைன்ல கொழுவின. அண்டிரவுதான் முதல் முதல் போட்ட. விடிய வருவாரு, சொல்லணும் எண்டு நினைச்சிக்கிட்டே படுத்த. எழும்பக்குள்ள விடிஞ்சிட்டு. சொல்லாம விட்டது மறதி தங்கச்சி. அல்லாஹ் அறிய மறதி." மூக்கை உறிஞ்சினார். "பிறகு நெஞ்சு வருத்தம் எண்டு சொன்னது தெரிஞ்சு."

"கம்பிய ஆரு எடுத்த?"

போடியார் பக்கத்தில் திரும்பவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குக் கை நடுங்கின. மரைக்காருக்கு ஆள் அனுப்பின. அவர்தான் வந்து கழட்டிச் சுருட்டி வாய்க்காலுக்குள்ள போட்ட."

வாப்பா எழுந்து பீங்கானைக் கதிரையில் வைத்தார். செருப்பை மாட்டினார். ஒழுங்கையைக் கடந்து எங்கள் வாசலுக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாமி திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொருந்தின காக்கா" என்றார். "நல்லபடி போயிட்டு வாங்க. எனக்கும் துஆ கேளுங்க." போடியார் பிள்ளை மாதிரி விம்மி அழுதார். அந்த அழுகையைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. என் காதில் வேறு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீருக்குள் கம்பி விழுகிற சத்தம்.

அவர் போனபின் கேட்டேன். "உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ஓம். மையித்த இறக்க முதல் ஆளா வந்தாரு உன்ட வாப்பா. சாரத்தில துருக்கறை, கையெல்லாம் வயல் சேறு. பள்ளியில இருந்து வாற மனுசனுக்கு என்னத்துக்குச் சேறு?"

"இத்தன வருசம் என்னை வெச்சிக்கிட்டு, உடுப்புத் தெச்சுத் தந்து, சாப்பாடு தந்து... ஏன் மாமி ஒரு நாளும் சொல்லல்ல?"

"நான் சொன்னா, நான் கேட்டு அவர் தந்த மாதிரி ஆகிடும். அவராத்தான் வரணும்." என் தலையைத் தடவினார். "உன்ட வாப்பா கேட்டா அந்த இடத்திலேயே குடுப்பன் மகள். இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் எத்தன தூரம்?"

அன்றே வாப்பாவிடம் போனேன். கெஞ்சினேன், பிறகு கத்தினேன். "நான் மையித்தைக் காப்பாத்தினன். அறுக்க விட்டிருக்கணுமா? குடிக்குள்ள கொலைக் கேசு வந்திருக்கணுமா?" என்று கேட்டார். "ஒரு சொல்லு வாப்பா. போய்க் கேட்டிட்டு வாங்க." அவர் ஓதிக்கொண்டிருந்த கிதாபைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இது ஒரு நாளல்ல, எத்தனையோ நாள் நடந்தது. போடியார் ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். மாமி ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு முன் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மெஷினில் உட்காருவார். வாப்பா பள்ளிக்குப் போகும்போது சலாம் சொல்வார். மாமி பதில் சொல்வார். நான் நடுவில் நின்று சாவேன்.

நானே கேட்டும் பார்த்தேன். "வாப்பாட பேரால நான் கேட்கிறன் மாமி."

"நீ எனக்கு ஒண்டும் செய்யல்லயே" என்று சிரித்துவிட்டார்.

ஒன்றரை வருடம் அந்தக் கதவு திறந்திருந்தது. இந்த வருடம் நோன்புக்கு முந்திய மாதத்தில், மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தவர் மெஷின் மீது அப்படியே தலையை வைத்துவிட்டார். நான் ஓடிப் போய்த் தூக்கும்போது முடிந்துவிட்டது.

மருதமுனையிலிருந்து அவருடைய தம்பி வந்து எல்லாக் காரியமும் பார்த்தார். நாங்கள் பெண்கள் உள்ளே அவரைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி முடித்தோம். மையித்தை வைத்த சந்தூக்கை முற்றத்துக்கு எடுத்தார்கள். ஆண்கள் கூடி நின்றார்கள். நான் ஜன்னலுக்கு வந்தேன். தூக்குவதற்கு முன்னால், எங்கள் ஊரில் எல்லா மௌத்திலும் கேட்பதைப் போல, தம்பி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "என்ட ராத்தா ஆருக்கும் ஏதும் குறை செஞ்சிருந்தா, எல்லாரும் பொருந்திக்கொள்ளுங்க."

"பொருந்தினோம்" என்றது கூட்டம்.

அதில் எல்லோருக்கும் முதலில், எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னவர் என் வாப்பா.